வெங்கடேசலு சொன்ன படகுப் பயணம்

1

இந்த வாரம் இங்கிலாந்தில் நான் இருக்கும் ஊர் ஆற்றங்கரையில் வாடகைப் படகுகளைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்து வைத்திருக்கிறார்கள். குளிர்காலம் முழுக்கக் கவிழ்ந்து கிடந்தவை. ரொட்டித் தொழிற்சாலைக்குக் காலை ஷிப்டுக்குப் போகும்போது தினமும் அந்தக் கரையோரமாகத்தான் நடக்கிறேன். ஒரு படகுக்குப் பச்சை வர்ணம் அடித்துக்கொண்டிருந்த கிழவர் என்னை நிறுத்தி, இத்தனை வருஷமாக இந்த வழியே போகிறாயே, ஒரு தடவைகூடப் படகு எடுத்ததில்லையே என்று கேட்டார். எனக்கு நீச்சல் தெரியாது என்று சொல்லிவிட்டு நடந்தேன். நீச்சல் தெரியாது என்பது உண்மைதான். படகு எடுக்காததற்குக் காரணம் அது இல்லை.

வெளிநாட்டில் இருப்பவன் எழுதினால் குளிர் எப்படி, சோறு கிடைக்கிறதா, வெள்ளைக்காரர்கள் மரியாதையாக நடத்துகிறார்களா என்றுதான் படிப்பவர்கள் எதிர்பார்க்கிறார்கள். அதையெல்லாம் பலர் எழுதிவிட்டார்கள். நான் எழுத நினைப்பது ஒரு படகுப் பயணத்தைப் பற்றி. எழுதட்டுமா என்று என் மனைவியின் அண்ணன் வெங்கடேசலுவைக் கேட்டேன். எழுதிக்கொள் என்று சொல்லிவிட்டான்.

2

நாங்கள் ஹைஸ்கூலில் சேர்ந்தபோது திருத்தணி ஆந்திராவில் இருந்தது. படித்து முடித்தபோது தமிழ்ப் பக்கம் வந்துவிட்டது. ஊர் அங்கேயேதான் இருந்தது, எல்லையைத்தான் நகர்த்தினார்கள். எங்களுக்கு அப்பா நைனாதான், மச்சான் பாவாதான், திட்டுவது மட்டும் சுத்தத் தமிழில். தெலுங்கு, தமிழ் என்று இரண்டு மொழிகளில் கால் வைத்திருந்ததாலோ என்னவோ, இங்கிலீஷ் எங்களுக்கு ஒட்டவே இல்லை.

நான், வெங்கடேசலு, சம்பத் என்று நண்பர்கள் மூன்று பேரில் சம்பத்துக்கு மட்டும் ஒட்டியது. ரயில்வே கார்டு ஒருவரின் மகன் அவன். மெட்ராஸில் இரண்டு வருஷம் கல்லூரியில் படித்து, பாதியில் விட்டுவிட்டு வந்து, தாலுகா ஆபீசில் தற்காலிகமாக வேலை பார்த்தான். வெங்கடேசலு ஆர்.கே.பேட்டையைச் சேர்ந்த நெசவுக் குடும்பத்துப் பையன். தறியில் உட்கார முடியாது என்று சண்டை போட்டுவிட்டு, திருத்தணி பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் பஸ் கம்பெனியின் டைம் கீப்பராகச் சேர்ந்திருந்தான். கனகம்மாசத்திரம், திருவள்ளூர், மெட்ராஸ் என்று அவன் போடும் குரல் கடைத்தெரு வரைக்கும் கேட்கும். நான் எங்கள் ஜவுளிக்கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

கிளை நூலகத்தில் ஒரு மூலையில் இங்கிலீஷ் அலமாரி இருந்தது. யாரும் தொடமாட்டார்கள். அதிலிருந்து சம்பத் ஒரே வகைப் புத்தகமாகத் தேடித் தேடி எடுத்துவந்தான். பழைய காலத்து இங்கிலாந்தின் நகைச்சுவை நாவல்கள். எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள், ஆனாலும் கதை ஏறக்குறைய ஒன்றுதான். சில நண்பர்கள் சேர்ந்து படகிலோ வண்டியிலோ ஊர் சுற்றக் கிளம்புவார்கள். ஒருவனுக்கும் ஒன்றும் தெரியாது, தெரியாது என்று ஒருவனும் ஒத்துக்கொள்ளவும் மாட்டான். வழி தவறும். மழை பிடித்துக்கொள்ளும். அடுப்பு பற்றாது. ஒருவரையொருவர் பழிப்பார்கள், இனி உன் முகத்திலேயே விழிக்கமாட்டேன் என்பார்கள். சாயங்காலம் ஏதாவது ஒரு விடுதியில் வயிறாரச் சாப்பிட்டதும் எல்லாம் சரியாகிவிடும்.

நந்தி ஆற்றுப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாயங்காலங்களில் உட்கார்ந்து சம்பத் படித்துக் காட்டுவான். முதலில் இங்கிலீஷில் ஒரு பத்தி, பிறகு அதையே எங்கள் ஊர்ப் பேச்சில். அவன் வாயில் அந்தத் துரைகள் எல்லாரும் பஸ் ஸ்டாண்டு ஆட்களைப்போல வந்துகினு போய்க்கினு இருந்தார்கள். வெங்கடேசலு சிரிக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. ஒரு தடவை சிரித்துச் சிரித்துச் சுவரிலிருந்து ஆற்றில் விழுந்தான். ஆறு என்றால் எங்கள் ஊரில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணல்தான். அடிபடவில்லை. கீழே கிடந்தபடியே, அப்புறம் இன்னா ஆச்சு, படி என்றான்.

3

படித்துக்கொண்டே இருந்தால் கைகால் சும்மா இருக்குமா? நாமும் அப்படி ஒரு பயணம் போக வேண்டும் என்று சம்பத் கிளப்பிவிட்டான். படகுப் பயணம்தான் வேண்டும் என்றான் வெங்கடேசலு. எங்கள் ஊரில் படகு விடுவதற்குக் கோயில் தெப்பக்குளத்தை விட்டால் தண்ணீர் கிடையாது. சம்பத் யோசித்து, பக்கிங்காம் கால்வாய் இருக்கிறதே என்றான். பேரே இங்கிலீஷ்காரன் பேர்.

அறுபதுகளின் நடுவில் அந்தக் கால்வாயில் இன்னும் படகுகள் ஓடிக்கொண்டிருந்தன. வடக்கேயிருந்து மெட்ராஸுக்கு விறகு ஏற்றி வந்து, இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும். ரயிலேறிப் பேசின் பிரிட்ஜில் இறங்கி, அப்படி ஒரு விறகுப் படகைப் பிடித்தோம். படகுக்காரர்கள் இரண்டு பேரும் தெலுங்குக்காரர்கள். வெங்கடேசலு போய் அவர்களை அண்ணா, தம்பி என்று அழைத்துப் பேசி, எண்ணூர் வரை எங்களை ஏற்றிக்கொள்ளச் சம்மதிக்க வைத்தான்.

புத்தகத்தில் படகு ஏறியவர்கள் மெத்தையில் சாய்ந்துகொண்டு வானத்தைப் பார்ப்பார்கள். எங்கள் படகில் மரப்பட்டையும் எறும்பும்தான் இருந்தன. காற்று எதிராக வீசியதால் பாய் கட்ட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கரையில் நடந்து கயிற்றால் இழுக்க வேண்டும். கொஞ்சம் கை கொடுங்கள் என்றார்கள். நாங்கள் மூன்று பேரும் ஆசையோடு இறங்கிக் கயிற்றைப் பிடித்தோம். திரும்பிப் பார்த்தால், படகுக்காரர்கள் இருவரும் எங்கள் போர்வைகளை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சம்பத் துரை மாதிரி இருக்க வேண்டும் என்று ஷூ போட்டு வந்திருந்தான். ஒரு ஷூ சேற்றுக்குள் போய்விட்டது. மண்ணெண்ணெய் அரிசி மூட்டையில் கொட்டியிருந்தது. அந்தச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, பீடி பற்ற வைக்காதீங்கப்பா, பத்திக்கப் போறோம் என்று வெங்கடேசலு படகுக்காரர்களிடம் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டான்.

எண்ணூரில் இறங்கியபோது எங்கள் கைகள் கொப்பளித்திருந்தன. மணலில் மல்லாந்து படுத்துக்கொண்டோம். இங்கிலாந்துக்கே போய் அந்தப் புத்தகத்து ஆற்றிலேயே படகு விட வேண்டும் என்று சம்பத் சொன்னான். யார் முதலில் போகிறார்களோ அவர்கள் மற்ற இரண்டு பேரையும் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும். போகப்போகிறவர்கள்போலத்தான் பேசினோம். எனக்குத் தெரிந்து எங்கள் வாழ்க்கையில் இருந்த மிக நல்ல நாள் அதுதான்.

அடுத்த வருஷம் சம்பத் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். கீழாநெல்லி கொடுத்தார்கள், ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கல்யாணம்கூட ஆகாத பையன். அதற்குப் பிறகு வெங்கடேசலுவும் நானும் பாலத்துப் பக்கம் போவதை நிறுத்திவிட்டோம்.

4

நான் இங்கே வந்தது சம்பத்துக்காக என்று சொன்னால் பொய். கடை நொடித்துவிட்டது. ஆள் எடுக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னார், எழுதிப் போட்டேன், கிடைத்தது. கிளம்புவதற்கு முன்னால் வெங்கடேசலுவின் தங்கை சகுந்தலாவை எனக்குக் கட்டிவைத்தார்கள். அதிலிருந்து அவன் என்னைப் பாவா என்று கூப்பிட ஆரம்பித்தான். முதலில் கிண்டலாகத்தான் இருந்தது. பிறகு பழகிவிட்டது.

நான் அறிந்த இங்கிலாந்து அந்தப் புத்தகங்களில் இருந்த இங்கிலாந்துதான். எந்நேரமும் ஒருவன் இன்னொருவன் வீட்டுக் கதவைத் தட்டுவான், டீ போடச் சொல்வான், எங்கேயாவது போகலாமா என்பான் என்று நினைத்திருந்தேன். முதல் வருஷம் என் கதவை யாரும் தட்டவில்லை. நான் தட்டிய கதவுகளில் அறை காலி இல்லை என்றார்கள். தணிகாசலம் என்ற என் பேர் தொழிற்சாலையில் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. டோனி ஆகிவிட்டேன். பக்கத்து மிஷினில் பல வருஷமாக வேலை பார்க்கும் மனிதர் நல்லவர்தான். தினமும் வானிலையைப் பற்றிப் பேசுவார். அவர் வீடு எந்தத் தெரு என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

சகுந்தலா வந்தாள். மகள் மாலதி பிறந்தாள். சகுந்தலா இங்கே வந்தபிறகு குறைந்த வார்த்தைகளில் வாழப் பழகிக்கொண்டாள். கடையில் கையைக் காட்டி வாங்குவாள், பஸ்ஸில் காசை நீட்டுவாள். மாலதிக்குத் தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில் வரும். பன்னிரண்டு வயதுக்குப் பிறகு அந்தப் புரிதலும் மங்க ஆரம்பித்தது. அவள் பள்ளியில் அந்தப் பழைய நகைச்சுவை நாவல்களில் ஒன்றைப் பாடமாக வைத்தார்கள். ஆசையாக வாங்கிப் பார்த்தேன். இதிலே சிரிப்பதற்கு என்ன இருக்கிறது, ஒரே போர் என்றாள் அவள். சம்பத் சொன்னதுபோலச் சொல்லிக்காட்ட முயன்றேன். அந்தப் பேச்சு அவளுக்குப் பாதி புரியவில்லை. மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெங்கடேசலு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவன் நைனா பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். வருஷக்கணக்கில் படுக்கையிலேயே இருந்தார். குளிப்பாட்டுவதிலிருந்து எல்லாம் அவன்தான் செய்தான். பெண் கொடுக்க வந்தவர்களும் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். நைனா இறந்தபோது சகுந்தலாவால் போக முடியவில்லை. சேதி வந்து சேர்ந்ததே காரியம் முடிந்த பிறகுதான். இங்கே அவளோடு சேர்ந்து அழுவதற்கு யாருமில்லை. எனக்கு அவர் மாமனார், மாலதிக்குப் போட்டோவில் இருக்கும் ஒரு கிழவர். அண்ணன் வரட்டும் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அண்ணனைக் கட்டிக்கொண்டு ஒரு மூச்சு அழுதால்தான் ஆறும் என்பதை வேறு வார்த்தையில் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை.

அப்படித்தான் வெங்கடேசலுவை வரவழைத்தேன். நாற்பதைத் தாண்டியிருந்தான். அழைப்பை எழுதும்போது படகைப் பற்றியும் எழுதினேன். படகுக் கொட்டகைக்குப் போய் வாடகை, நேரம் எல்லாம் விசாரித்து வைத்தேன்.

5

அவன் வந்த நாளில் நானும் மாலதியும் விமான நிலையத்துக்குப் போனோம். அவளைக் கூட்டிப்போனதற்குக் காரணம், அவள் பேசும் இங்கிலீஷ் அவர்களுக்குப் புரியும். நான் பேசினால் இரண்டு தடவை சொல்லச் சொல்வார்கள். அந்த விமானத்தில் வந்தவர்கள் எல்லாரும் வெளியே வந்து, அடுத்த விமானத்து ஆட்களும் வந்து போய்விட்டார்கள். கடைசியில் ஒலிபெருக்கியில் என் பேரைப்போல ஏதோ ஒன்றைச் சொன்னார்கள். மாலதிதான், அப்பா, அது நீங்கள் என்றாள்.

உள்ளே குடியேற்ற அதிகாரி ஒருவர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து விசாரித்தார். இளைஞர். கோபப்படவே இல்லை. வந்திருப்பவர் உங்களுக்கு என்ன உறவு என்றார். மனைவியின் சகோதரன் என்றேன். அவர் தன் தாளைப் பார்த்தார். அந்த மனிதரிடம் இதே கேள்வியைக் கேட்டபோது, நண்பன் என்று சொன்னார், உறவு என்று சொல்லவே இல்லையே என்றார். இரண்டும்தான் என்றேன். எது முதலில் என்று கேட்டார். நண்பன்தான் முதலில் என்றேன். அதை எழுதிக்கொண்டார்.

பிறகு, இருவரும் ஒரே ஊர் என்கிறீர்கள், உங்கள் பாஸ்போர்ட்டில் பிறந்த மாவட்டம் சித்தூர், ஆந்திரா என்று இருக்கிறது, அவருடையதில் செங்கல்பட்டு, தமிழ்நாடு என்று இருக்கிறது, எப்படி என்றார். எல்லை நகர்ந்த கதையைச் சொன்னேன். மாலதி அதை இன்னும் தெளிவாகச் சொன்னாள். ஒரு ஊர் எப்படி மாநிலம் மாறும் என்பதை அவரால் பிடித்துக்கொள்ள முடியவில்லை. மாலதியைப் பார்த்து, நீ உன் மாமாவைச் சந்தித்திருக்கிறாயா என்றார். இல்லை என்றாள். அவள் என்ன செய்வாள், சந்தித்ததில்லையே.

வெங்கடேசலுவிடம் என்ன கேட்டார்கள், அவன் என்ன சொன்னான் என்பதை அந்த அதிகாரியே எங்களுக்குப் படித்துக் காட்டினார். எதற்காக வந்தாய் என்றதற்கு, நண்பனோடு படகில் போக என்றிருக்கிறான். எந்தப் படகு, எங்கே போக என்றதற்கு, சும்மா, சிரிக்க என்றிருக்கிறான். இளம் வயதில் படித்த நாவல்களைப் பற்றியும் சொல்லியிருக்கிறான். வேலையை விட்டுவிட்டு வந்தாயா என்றதற்கு லீவு என்றிருக்கிறான். மனைவி, மக்கள், அப்பா, அம்மா யாருமில்லை. எப்போது திரும்புவாய் என்று கேட்டதற்கு, பாவா எப்போது போகச் சொல்கிறாரோ அப்போது என்றிருக்கிறான். விருந்துக்கு வந்தவன் வந்ததுமே கிளம்பும் நாளைச் சொல்லலாமா? அப்படியானால் திரும்பிப் போகமாட்டாயா என்று அழுத்திக் கேட்டிருக்கிறார்கள். 'ஐ வில் கோ அண்ட் கம், சார்' என்று சொல்லிவிட்டான். போய்விட்டு வருகிறேன் என்று நாம் தினமும் சொல்வதைத்தான் சொன்னான். போவான், மறுபடி வருவான் என்று அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

நான் விளக்கினேன். மாலதி என்னைவிடக் கோபமாக விளக்கினாள். அழக்கூடச் செய்தாள். நம்ப வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை, ஆனால் படகில் போய்ச் சிரிப்பதற்காக ஒருவன் இவ்வளவு தூரம் வருவான் என்பதை என் மேலதிகாரி ஏற்கமாட்டார் என்றார் அந்த இளைஞர். அன்றைக்கே புறப்படும் விமானத்தில் திருப்பி அனுப்ப முடிவு செய்துவிட்டார்கள்.

கொஞ்ச நேரம் பார்க்க விட்டார்கள். நரைத்திருந்தான். புதுசாகத் தைத்த கோட்டு தோளில் பெரிதாக நின்றது. என்னைக் கண்டதும் எழுந்து நின்று சிரித்தான்.

"பாவா, தப்பா சொல்லிட்டேனா?"

"ஒண்ணும் தப்பில்ல."

"மச்சான்னு சொல்லியிருக்கணும் போல. எனக்குத் தோணவே இல்ல. ஃப்ரெண்டுன்னுதான் வாயில வந்துடுச்சி."

மாலதியின் தலையில் கை வைத்தான். உங்க அம்மா மாதிரியே கீற என்றான். அவளுக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. சகுந்தலா வரலியா என்று கேட்டான். வீட்டில் இருக்கிறாள் என்றேன். அவகிட்ட நைனா பத்திச் சொல்லணும்னு நெறைய வச்சிருந்தேன் என்று ஆரம்பித்தான். அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது சகுந்தலா வாசலில் நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தாள்.

6

அதற்குப் பிறகு எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் அவனிடமிருந்து பதில் இல்லை. சகுந்தலா எப்போதும்போல வேலைகளைச் செய்துகொண்டிருந்தாள்.

அந்தப் புத்தகங்களை நான் நகர நூலகத்திலிருந்து மறுபடியும் எடுத்துப் படித்துப் பார்த்தேன். எங்களை அப்படிச் சிரிக்க வைத்தது எது என்று தேடினேன். அப்போது கண்ணில் படாத ஒன்று இப்போது பட்டது. அந்த நண்பர்கள் எங்கே போனாலும், எதற்காக வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. சும்மா வந்தோம் என்றால் போதும். சத்திரக்காரன் கதவைத் திறக்கிறான், மதகுக்காரன் மதகைத் திறக்கிறான். சும்மா ஊர் சுற்றுவது எல்லாருக்கும் கிடைக்கிற ஒன்று என்று நினைத்துத்தான் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து சிரித்திருக்கிறோம்.

அடுத்த கோடையில் நானும் சகுந்தலாவும் ஊருக்குக் கிளம்பினோம். மாலதி வரவில்லை. தோழிகள் நான்கு பேர் சேர்ந்து கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம் என்றாள். நாங்கள் ஊரிலிருந்து திரும்பிய பிறகு, அங்கே மழை பெய்ததையும், கூடாரம் சரிந்ததையும், எல்லாரும் சண்டை போட்டதையும் போனில் யாருக்கோ சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தப் புத்தகங்களில் இருந்த இங்கிலாந்து அவளுக்குக் கிடைத்திருக்கிறது. எனக்கு அதில் வருத்தம் இருக்கக் கூடாது.

7

திருத்தணி ஸ்டேஷனில் இறங்கி வண்டி பிடித்து பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்தோம். டீக்கடைக்காரர் அடையாளம் கண்டுகொண்டு வண்டியை நிறுத்தினார்.

"இன்னாங்க, தண்ணியில விழுந்தீங்களாமே? எங்க டைம் கீப்பர்தான் உங்கள இழுத்துக் கரையில போட்டாராமே?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடையில் இருந்த நாலைந்து பேரும் சிரித்தபடி என்னைப் பார்த்தார்கள். படகுக்குள்ள நின்னுகினு துடுப்பு போட்டா விழாம இன்னா பண்ணுவாரு என்றார் ஒருவர். அதற்குள் வெங்கடேசலு ஓடிவந்து, பயணக் களைப்பு, அப்புறம் பேசலாம் என்று எங்களை வீட்டுக்கு அழைத்துப் போனான்.

சகுந்தலா குளிக்கப் போன பிறகு அவன் என்னிடம் சொன்னான். ஊரிலிருந்து கிளம்பிய நாளில் பஸ் ஸ்டாண்டு ஆட்கள் எல்லாரும் ஸ்டேஷன் வரை வந்து மாலை போட்டு அனுப்பியிருக்கிறார்கள். போன வேகத்தில் திரும்பிவந்து அந்த முகங்களில் விழிக்க அவனால் முடியவில்லை. மெட்ராஸில் இறங்கியவன் திருத்தணியில் நிற்காத ரயிலாகப் பார்த்து ஏறித் திருப்பதிக்குப் போய், தெரிந்த ஒருவரின் சத்திரத்தில் ஒரு மாதம் ஒளிந்திருந்தான். பிறகு ஊருக்கு வந்தான். எப்படி இருந்தது சீமை என்று எல்லாரும் கேட்டார்கள். சம்பத் படித்துக்காட்டியதையெல்லாம் சேர்த்து, சம்பத் இருந்த இடத்தில் என்னை வைத்து, எண்ணூர்ப் பயணத்தையும் கொஞ்சம் கலந்து, ஒரு படகுப் பயணத்தைச் சொல்லிவிட்டான்.

"ஒரு வாட்டி சொல்லிட்டு வுட்டுடலாம்னு பார்த்தேன் பாவா. திரும்பத் திரும்ப கேக்குறாங்க. பத்து ஊர் ஆளு வந்து கேட்டுட்டுப் போறான். தங்கச்சிகிட்ட நீயே சொல்லிடு."

சொன்னேன். அவள் ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டு முன்னால் பாய் விரித்து ஒரு கூட்டமே உட்கார்ந்துவிட்டது. நான் சாட்சியாக வந்திருக்கும்போது மறுபடியும் சொல்லச் சொன்னார்கள். வெங்கடேசலு தயங்கினான். என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். மெதுவாக ஆரம்பித்தான். போகப் போகக் குரல் ஏறியது. ஆற்றங்கரை மரங்கள், மதகு, விடுதிக்கார அம்மா, மழை, அடுப்பு, கவிழ்ந்த படகு, தண்ணீரில் தத்தளிக்கும் நான். வாயில் சொல் வந்துகொண்டே இருந்தது. சம்பத்தே சொல்வதுபோல இருந்தது. எனக்குக்கூட ஓரிடத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

முடித்தபோது கூட்டத்தில் இருந்த ஓர் அம்மா சகுந்தலாவிடம் கேட்டாள்.

"அண்ணன் வந்தப்போ இன்னா செஞ்சி போட்டம்மா?"

சகுந்தலா நிலைப்படியில் நின்றிருந்தாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நிதானமாகச் சொன்னாள்.

"பச்சைப் புளுசு ரசம் வச்சேன். கோங்கூரா கீரை அங்க கெடைக்காது, எங்கயோ தேடிப் புடிச்சி தொவையல் அரைச்சேன். நைனாவுக்குப் புடிச்ச கூட்டு மாதிரி பாசிப்பருப்புல பீர்க்கங்கா போட்டேன். இனிப்புக்கு வெல்லம் போட்டுப் பொங்கடாலு சுட்டு வச்சேன்."

"நல்லா சாப்ட்டாரா?"

"ஆங்."

கூட்டம் கலைந்த பிறகு மூன்று பேரும் உள்ளே உட்கார்ந்திருந்தோம். வெங்கடேசலு தரையைப் பார்த்தபடி கேட்டான்.

"நெஜமாவே அதெல்லாம் செஞ்சியாம்மா?"

"ஆங் அண்ணா."

"அப்புறம் அதை இன்னா பண்ண?"

"மூணு நாள் வச்சிருந்தேன்."

அவன் தோள் குலுங்கியது. சகுந்தலா போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். நைனாவைப் பற்றி அவன் சொல்ல ஆரம்பித்தான். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

8

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டுக்குப் போகும்போது வெங்கடேசலு என்னையும் கூட வரச் சொன்னான். டீக்கடையில் வழக்கமான ஆட்கள் இருந்தார்கள். அவன் டீயைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை. நின்றபடியே சொன்னான்.

"நான் சீமைக்குள்ள காலே வைக்கல. ஏரோபிளேன் எறங்கின எடத்துலயே நிறுத்திட்டாங்க. எதுக்கு வந்தன்னு கேட்டாங்க. ஃப்ரெண்டோட படகுல போவ வந்தேன்னேன். திருப்பி அனுப்பிட்டாங்க."

பிறகு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான். செங்கல்பட்டா சித்தூரா என்று குழம்பியதையும், கோ அண்ட் கம் என்று சொன்னதையும், திருப்பதியில் ஒளிந்திருந்ததையும். ஒன்றையும் மறைக்கவில்லை. குரல் ஓரிடத்தில் உடைந்தது.

டீக்கடைக்காரர் சிரிக்க ஆரம்பித்தார். அப்புறம் எல்லாரும். ஒருவர் சிரிப்புத் தாங்காமல் பெஞ்சைத் தட்டினார். இதுவரைக்கும் சொன்னதுலயே இதுதாங்க டாப்பு என்றார். போவேன் வருவேன்னாராம்பா என்று இன்னொருவர் சொல்லிக்காட்டினார், மறுபடியும் சிரித்தார்கள். நான் குறுக்கிட்டு, இது உண்மை, நானே அங்கே இருந்தேன் என்றேன். ஆங் ஆங், நேத்து தண்ணியில விழுந்ததுக்குத் தலையாட்டினதும் நீங்கதானே என்றார் டீக்கடைக்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

வெங்கடேசலு என்னைப் பார்த்தான். சொல்லிப் பார்த்தாகிவிட்டது என்பதுபோலக் கையை விரித்தான். திருப்பதி பஸ் வந்து நின்றது. அவன் போய் அதன் பக்கவாட்டில் தட்டி, நகரி, புத்தூர், திருப்பதி என்று குரல் போட ஆரம்பித்தான்.